நடுவயது கடந்த மகளிரும் எலும்பு முறிவும்

வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்துவிட்டது என்னும் செய்தி நம் நாட்டின் எந்த ஊரிலும் கேட்கக் கூடியதே. அதைக் கேட்போர், "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்று கூறி அமைவதும் வழக்கம். முதுமையில் எலும்பு முறிவது தலை நரைப்பதைப் போன்ற இயற்கை நிகழ்ச்சி என்ற எண்ணமே இதற்கு அடிப்படையாகும். அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. ஒரே வயதினரான இரு பெண்கள் ஒரே விதமான தரையில் விழுகின்றனர். ஒருவருக்குச் சிராய்ப்போடு போகிறது, மற்றவருக்கு எலும்பு முறிகிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களுட் பெரும் பகுதி இன்று தெளிவாகியுள்ளது. அவற்றுள் சில நம்மால் மாற்ற முடியாதவை. பல மாற்றக் கூடியவை.

எலும்பு முறிவைச் சிறு துன்பமாக எண்ணிவிடலாகாது. தொடை எலும்பின் மேல்முனை முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் உயிரிழப்பதாகப் பல நாடுகளின் கணக்குகள் காட்டுகின்றன. பிழைத்தவர்களுள்ளும் பலர் முன்போல் பிறர் துணையின்றி நடமாடும் நிலையைத் திரும்பப் பெறுவதில்லை. ஹரியானா மாநிலத்தின் ரோத்தக் மாவட்டத்தில் நடந்து 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, 50 வயது கடந்தோரில் ஆண்டுதோறும் இலட்சம் பெண்களுக்கு 159 பேரும், இலட்சம் ஆண்களுக்கு 105 பேரும் இம்முறிவுக்கு ஆளாகின்றனர் எனக் கணக்கிட்டது. இந்திய மக்களின் சராசரி ஆயுள் நீண்டு வருவதால் இத்துன்பம் வருங்காலத்தில் பெருகவே செய்யும்.

எலும்பின் இயல்பு

எலும்பைக் கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்து நீக்கும் அணுக்களும், அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் அதில் ஓயாது தொழிற்படுகின்றன. ஒரு பழைய வீட்டில் உளுத்த செங்கலைப் பெயர்த்துவிட்டுப் புதியதை வைத்துப் பூசுவதைப் போன்றது இவ்வேலை. இளமையில் பெயர்ப்பதைவிடக் கட்டுவது மிகுதி. ஏறத்தாழ முப்பது வயதளவில் எலும்பின் திரள் தன் உச்ச நிலையை அடைகிறது. அதன்பின் பெயர்ப்பது சிறிது சிறிதாக மேலோங்குகிறது.

ஆகவே முதுமையில் ஒருவருக்கு எஞ்சியிருக்கும் எலும்பின் அளவு இரண்டைப் பொறுத்தது: இளமையில் எவ்வளவு சேமித்தார், பின்னர் எவ்வளவு விரைவில் இழந்தார் என்பன அவை. சேமிப்பில் சிறப்பான காலம் ஒன்றுண்டு. வளர்ச்சி உச்சமாக இருக்கும் பருவத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில், வளர்ந்த மனிதரின் எலும்புத் திரளில் ஏறக்குறையக் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பெண் குழந்தைகளுக்கு இது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நிகழ்வது. ஆறாம் ஏழாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமியே தன் அறுபதாம் வயதுக்கு வேண்டிய எலும்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை ஆசிரியர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

மாதவிடாய் நின்றபின் நிகழ்வது

ஆண்களைவிடப் பெண்களுக்கு இத்துன்பம் மிகுதியாவதற்குத் தலையாய காரணம் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் குறைவாகும். கருப்பையின் இருமருங்கிலும் உள்ள சூலகங்களில் சுரக்கும் இது, எலும்பை அரிக்கும் அணுக்களைக் கட்டுக்குள் வைக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் இதன் சுரப்பு வெகுவாகக் குறைய, கடிவாளம் இழந்த அவ்வணுக்கள் விரைந்து தொழிற்படுகின்றன. மாதவிடாய் நின்றபின் வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சில பெண்கள் தம் எலும்புத் திரளில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடுவதுண்டு. இத்தொடர்பை முதன்முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் ஆவார். அவருடைய கட்டுரை 1941ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவ்வாறு உள்ளீடு குறைந்து துளைகள் பெருகிய நிலையே எலும்புப் புரை நோய் எனப்படும். இதில் வலி இல்லை, வீக்கம் இல்லை, எலும்பு முறியும் வரை அறிகுறி எதுவும் இல்லை. எலும்பின் அடர்த்தியை எக்ஸ் கதிர்க் கருவியால் அளந்து, இளம் பெண்களின் சராசரியிலிருந்து 2.5 திட்ட விலக்கமோ அதற்கு மேலோ குறைந்திருப்பின் அதனை இந்நோய் எனக் கொள்ளலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் குழு 1994ஆம் ஆண்டில் வரையறை செய்தது.

மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51 அளவில் உள்ளது. நம் நாட்டில் அது 46, 47 அளவிலேயே அமைகிறது. அதாவது இந்தியப் பெண்களுக்கு இந்த இழப்பு நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குகிறது.

முறிவு நிகழும் இடங்கள்

எலும்புப் புரையால் நிகழும் முறிவுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் காணப்படுகின்றன.

முதலாவது, மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவதால் நிகழ்வது. ஐம்பதை ஒட்டிய வயதிலேயே இது தோன்றும். 1814ஆம் ஆண்டில் இதனை விவரித்த அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் பெயராலேயே இம்முறிவு இன்றும் வழங்குகிறது. கட்டுப்போட்டு ஆறு வாரங்களில் கூடிவிடுவதால் குடும்பத்தார் இதனை மறந்துவிடுகின்றனர். அவ்வாறு மறப்பது பெருந்தவறு. நடுவயதில் சிறு விழுதலால் ஓர் எலும்பு முறிந்த பெண்ணுக்கு மற்றோர் எலும்பு முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. முதல் முறிவு ஓர் எச்சரிக்கை.

இரண்டாவது, முதுகெலும்பு. இங்கு முள்ளெலும்பு நசுங்குகிறது. விழாமலேயே, நீர்க்குடத்தைத் தூக்கும்போதோ விறகுக் கட்டை இறக்கும்போதோ கூட இது நிகழலாம். பலர் இதனை முதுகுவலி எனக் கொண்டு தைலம் தேய்த்துக்கொள்வர். உயரம் குறைவதும் முதுகு கூன்வதும் பின்னர் வெளிப்படும். மூதாட்டியரின் கூனல் பலவும் இத்தகைய நசுங்கல்களின் விளைவே.

மூன்றாவது, தொடை எலும்பின் கழுத்தும் அதனை ஒட்டிய பகுதியும். மக்கள் இதனையே இடுப்பெலும்பு முறிவு என்கின்றனர். மிகவும் கொடியது இதுவே. கழுத்துப் பகுதி முறியும்போது எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் தடைப்படுவதால், வெறுங்கட்டினால் இது கூடுதல் அரிது. அறுவைச் சிகிச்சையே பெரும்பாலோர்க்கு உரிய வழி.

ஆராய்ச்சி காட்டும் காரணங்கள்

யாருக்கு முறியும், யாருக்கு முறியாது என்பதை அறிய அமெரிக்காவில் நான்கு இடங்களில் 1986ஆம் ஆண்டு முதல் பெரியதோர் ஆய்வு நடத்தப்பட்டது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன வெள்ளையினப் பெண்கள் 9,516 பேரைச் சராசரியாக நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவர்களுள் 192 பேருக்கு நிகழ்ந்த தொடை எலும்பு முறிவுகளை ஆராய்ந்து, 1995ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அம்முடிவுகள் இன்றும் பாடமாகக் கொள்ளத்தக்கவை.

தாய்க்கு இம்முறிவு ஏற்பட்டிருந்தால் மகளுக்கு வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஐம்பது வயதுக்குப் பின் ஏதேனும் ஓர் எலும்பு முறிந்தவர், தம் உடல்நலம் குன்றியது எனத் தாமே கூறியவர், தைராய்டு மிகைச் சுரப்பு இருந்தவர், வலிப்பு நோய்க்கான மருந்தோ நெடுநேரம் செயற்படும் தூக்க மருந்தோ உட்கொண்டவர் ஆகியோர்க்கு அபாயம் மிகுந்திருந்தது. நாளில் நான்கு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டுமே காலூன்றி நின்றவர், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ இயலாதவர், பார்வையில் ஆழத்தை மதிப்பிடவோ ஒளி நிழல் வேறுபாட்டைக் காணவோ இயலாதவர் ஆகியோரும் அவ்வாறே மிகுதியாக முறிவுக்கு ஆளாயினர். இளமைக்குப் பின் எடை கூடியவர்களுக்கு அபாயம் குறைந்திருந்தது, மெலிந்தோர்க்குக் கூடியது.

இக்காரணங்கள் ஒன்றோடொன்று சேரும்போது விளைவு பெருகுகிறது என்பதே இவ்வாய்வின் முதன்மையான செய்தி. எலும்பின் அடர்த்தி இயல்பாக இருந்து, இரண்டோ அதற்குக் குறைவோ ஆன காரணங்களை உடைய பெண்கள் ஆயிரம் பேரில் ஓராண்டில் ஏறத்தாழ ஒருவருக்கே முறிவு நேர்ந்தது. அடர்த்தி குறைந்து, ஐந்தும் அதற்கு மேலும் காரணங்கள் சேர்ந்திருந்த ஆயிரம் பேரிலோ 27 பேருக்கு நேர்ந்தது. ஆதலின் ஒரு காரணத்தையேனும் நீக்குவது பயனற்ற முயற்சியன்று.

இவற்றோடு பிற ஆய்வுகள் வேறு சில காரணங்களையும் சேர்த்துள்ளன. புகை பிடித்தல், மது அருந்துதல், முடக்குவாதம், நீரிழிவு, 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றுபோதல், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை மூன்று மாதத்திற்கு மேல் உட்கொள்ளுதல் என்பன அவை. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் எனப் பெயர் குறிப்பிடாத பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கி உண்போர் இதனைக் கருத வேண்டும். உடனே வலி தீர்க்கும் அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. ஆனால் நெடுநாள் உண்டவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகவே நிறுத்த வேண்டும்.

பல பிள்ளைகளைப் பெற்றுப் பாலூட்டியதால் எலும்பு தேய்ந்துவிட்டது என்று பல தாய்மார்கள் கூறுவர். பாலூட்டும் காலத்தில் எலும்பின் சத்து ஓரளவு குறைவது உண்மையே. ஆயினும் பால் மறந்தபின் அவ்விழப்பு பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. இதனால் தாய்ப்பால் தருவதை எவரும் குறைக்க வேண்டியதில்லை. தாய்க்கு நல்லுணவு தருவதே வேண்டுவது.

நம் நாட்டுப் பெண்களின் நிலை

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், குறைந்த வருவாய்க் குடும்பங்களைச் சேர்ந்த 30 முதல் 60 வயது வரையிலான 289 பெண்களைச் சோதித்தனர். அவர்களுடைய உணவில் நாளொன்றுக்குக் கிடைத்த கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து சராசரி 270 மில்லிகிராம் மட்டுமே. தொடை எலும்பின் கழுத்தில் எலும்புப் புரை நோய் அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் மூவருக்குக் காணப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மேற்படி நிறுவனமும் 2020ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் தேவை. உழைத்துக் களைக்கும் பெண்களுக்கு எலும்பு வலுவாக இருக்கும் என்ற பொதுவான நம்பிக்கை, உணவு போதாத இடத்தில் செல்லுபடியாவதில்லை என்பதை இவ்வாய்வு காட்டியது.

உண்ட சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்றுக்கொள்வதற்கு வைட்டமின் டி தேவை. வெயில் நிறைந்த நாட்டில் இதற்குப் பஞ்சமிராது என நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. புது டெல்லியில் நலமுடன் இருந்தோரைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைக் குலைத்தது. திருப்பதியில் மாதவிடாய் நின்ற 164 பெண்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு 18 பேருக்கே இச்சத்து உரிய அளவில் இருந்தது தெரியவந்தது. நாம் வெயிலுள்ள நாட்டில் வாழ்கிறோமே அன்றி வெயிலில் வாழ்வதில்லை. மாநிறமும் கறுப்பும் ஆன தோல் இச்சத்தை உண்டாக்க நெடுநேரம் எடுக்கிறது; உடலை மூடிய ஆடையும் நகரத்துத் தூசு மண்டலமும் மேலும் தடுக்கின்றன. இளவெயிலே இதற்கு நல்லது என்று கூறுவர். ஆனால் இதற்குரிய புற ஊதாக் கதிர்கள் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலேயே மிகுதி. கண்ணாடிச் சன்னலின் வழியே வரும் வெயிலால் இப்பயன் இல்லை.

நம் நாட்டுக்குச் சிறப்பாகக் கூற வேண்டிய மற்றொரு காரணம் கருப்பை நீக்க அறுவையாகும். 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் நூற்றுக்கு மூவர் இவ்வறுவை செய்துகொண்டிருந்தனர். ஆந்திரப் பிரதேசத்தில் அது நூற்றுக்கு ஒன்பதை நெருங்கியது. அறுவை நடந்த இடைநிலை வயது 34. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பையை இழந்த செய்தி 2019ஆம் ஆண்டில் வெளியாகி, மாநில அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிமுறைகளை மாநிலங்கள் மேற்கொள்ள வேண்டும் என 2023ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கருப்பையோடு சூலகங்களையும் நீக்கிவிட்டால் ஈஸ்ட்ரோஜன் அன்றே அற்றுப்போகிறது. முப்பத்தைந்து வயதில் இவ்வாறு நேர்ந்தவரின் எலும்பு, இயல்பாக மாதவிடாய் நிற்பவரின் எலும்பைவிடப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே தேயத் தொடங்குகிறது. "வேலை முடிந்த உறுப்புத்தானே" என்று கூறுவோர்க்குக் களப்பணியாளர் இதனை எடுத்துரைத்தல் கடமையாகும்.

அடர்த்தி மட்டும் போதாது

எலும்பு அடர்த்தியாக இருந்தாலே வலுவாக இருக்கும் என்பதற்கில்லை. இதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், குடிநீரில் மிகுந்த ஃப்ளோரைடால் முதுகும் மூட்டுகளும் இறுகிய நோயாளிகளைப் பற்றி 1937ஆம் ஆண்டில் மருத்துவர்கள் விவரித்தனர். அவர்களுடைய எலும்பு எக்ஸ் கதிர்ப் படத்தில் வெண்மையாக, அடர்ந்து தோன்றும். ஆயினும் அது இயல்பான எலும்பன்று. பிற்காலத்தில் அமெரிக்காவில் ஃப்ளோரைடையே எலும்புப் புரைக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தனர். 1990ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. முதுகெலும்பு முறிவுகளோ குறையவில்லை, பிற எலும்புகளின் முறிவுகள் கூடின.

ஆகவே தெலங்கானாவின் நல்கொண்டா முதலிய ஃப்ளோரைடு மிகுந்த பகுதிகளில் பணியாற்றுவோர், குடிநீரைச் சோதிப்பதையும் எலும்பு நலப் பணியாகவே கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருத்தலாகாது. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு அதனை நீக்கும் எளிய முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ளது. நல்கொண்டா முறை என்றே அது பெயர் பெற்றுள்ளது.

விழுதலைத் தடுத்தல்

மெலிந்த எலும்பு தானாக முறிவது குறைவு. மணிக்கட்டும் தொடை எலும்பும் முறிவதற்குப் பெரும்பாலும் ஒரு விழுதல் தேவை. ஆகவே விழாமற் காப்பது பாதி மருத்துவமாகும். நம் இல்லங்களில் விழுவதற்கான இடங்கள் பல: ஈரம் உலராத குளியலறை, பாசி படிந்த கிணற்றடி, உயர்ந்த வாயிற்படி, விளக்கில்லாத நடை, கைப்பிடி இல்லாத படிக்கட்டு, இரவில் வெளியே செல்ல வேண்டிய கழிப்பறை. தேய்ந்த செருப்பும், தரையில் புரளும் புடவைத் தலைப்பும், காலிடையே ஓடும் ஆடும் நாயும் இப்பட்டியலைச் சேர்ந்தவையே.

கண் புரையால் பார்வை மங்கியவர் படியின் விளிம்பைக் காண்பதில்லை. அமெரிக்க முதியோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு அடுத்த ஓராண்டில் தொடை எலும்பு முறியும் வாய்ப்பு, செய்துகொள்ளாதவர்களைவிட நூற்றுக்கு 16 பங்கு குறைந்திருந்தது. கண் முகாமுக்கு ஒரு மூதாட்டியை அழைத்துச் செல்லும் பணியாளர் அவருடைய எலும்பையும் காக்கிறார்.

உடல் நிலைபெறும் ஆற்றலைப் பயிற்சியால் வளர்க்கலாம். இத்தகைய பயிற்சிகள் முதியோர் விழுவதை ஏறத்தாழக் கால் பங்கு குறைப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு 2019ஆம் ஆண்டில் காட்டியது. இதற்குக் கருவி எதுவும் வேண்டா. சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்றல், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல், குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடத்தல் ஆகியவை போதும். நாள்தோறும் செய்தல் வேண்டும். அருகில் ஒருவர் நிற்றல் நலம்.

மாத்திரையும் ஊசியும்

சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் மாத்திரையாகக் கொடுத்தால் முறிவு தடைபடுமா என்ற வினாவுக்கு ஆராய்ச்சிகள் இருவேறு விடை அளிப்பதுபோல் தோன்றும். பிரான்சு நாட்டு முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களிடம் செய்து 1992ஆம் ஆண்டில் வெளியான சோதனையில், இவ்விரண்டையும் நாள்தோறும் பெற்றவர்களுக்குத் தொடை எலும்பு முறிவு நூற்றுக்கு 43 பங்கு குறைந்தது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் செய்து 2022ஆம் ஆண்டில் வெளியான சோதனையிலோ, வைட்டமின் டி கொடுத்ததால் முறிவு குறையவில்லை. முன்னவர் சத்துக் குறைவுடையோர். பின்னவருட் பெரும்பாலோர்க்கு அக்குறை இல்லை. குறையுள்ள இடத்தில் நிரப்பினால் பயன் உண்டு. நிறைந்த இடத்தில் மேலும் ஊற்றுவதால் பயன் இல்லை என்பதே இரண்டினின்றும் பெறப்படும் பொருள்.

அளவு மீறினால் தீங்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் எழுபது வயது கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 இலட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தனர். 2010ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாக விழுந்தனர். எலும்பு முறிவும் கூடியது. "ஒரே ஊசியில் ஆண்டு முழுவதும் கவலையில்லை" என்று கூறுவதைக் கேட்டு மயங்கலாகாது.

நோய் உறுதியானவர்களுக்கு அலெண்ட்ரோனேட் முதலிய மருந்துகள் உள்ளன. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்பது அலெண்ட்ரோனேட்டுக்குரிய முறை. படுத்துவிட்டால் அது உணவுக் குழாயைப் புண்ணாக்கும். மருத்துவரின் ஆலோசனையின்றி எதனையும் தொடங்கலாகாது.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவி பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வயது, எடை, பழைய முறிவு, பெற்றோரின் முறிவு, புகை, மது, ஸ்டீராய்டு மருந்து முதலிய வினாக்களின் விடைகளைக் கொண்டே, அடுத்த பத்தாண்டுகளில் முறிவு நிகழும் வாய்ப்பைக் கணக்கிடும் முறையொன்றை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஃபிராக்ஸ் எனப்படும் அக்கணக்கில் இந்தியாவுக்கு உரிய பகுதியும் உண்டு. வினாக்களைக் கேட்க ஒரு குறிப்பேடு போதும்.

முப்பது வயது கடந்தோர்க்கென ஆஷா பணியாளர் நிரப்பும் சமுதாய மதிப்பீட்டுப் படிவத்தில், அறுபது வயதுக்கு மேற்பட்டோர்க்கான பகுதியில், நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாட்டம் உண்டா என்ற வினா உள்ளது. அதனைக் கடமைக்காகக் கேட்டுவிட்டுப் போகாமல், கீழ்க்கண்டவற்றையும் உடன் கேட்டறிதல் நலம்:

1. ஐம்பது வயதுக்குப் பின் சிறு விழுதலால் எலும்பு ஏதேனும் முறிந்ததா?

2. தாய்க்கோ தந்தைக்கோ தொடை எலும்பு முறிந்ததா?

3. மாதவிடாய் எந்த வயதில் நின்றது? கருப்பையோ சூலகமோ நீக்கப்பட்டதா?

4. மூட்டுவலி, ஆஸ்துமா, வலிப்பு, தூக்கமின்மை இவற்றுக்கு நெடுநாள் மருந்து உண்கின்றாரா?

5. இளமையில் இருந்த உயரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துள்ளாரா? சுவரில் குதிகாலும் முதுகும் படிய நின்றால் பின்தலை சுவரைத் தொடுகிறதா?

6. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா?

7. கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார்?

இவற்றுள் இரண்டு மூன்றுக்கு ஐயத்துக்குரிய விடை கிடைப்பின், அவரை ஆரோக்கிய மந்திர் எனப்படும் நலவாழ்வு மையத்தின் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முதல் வினாவுக்கு ஆம் என்ற விடை ஒன்றே அனுப்பப் போதுமானது.

விழுந்தவர் எழ முடியாமல் கிடந்து, ஒரு கால் குறுகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் தொடை எலும்பு முறிந்ததாகவே கொள்ள வேண்டும். அவரை எழுப்பி நடத்திப் பார்ப்பதும், காலை இழுத்து உருவுவதும் கூடாது. இரு கால்களுக்கும் இடையே மடித்த துணியை வைத்து மெல்லச் சேர்த்துக் கட்டி, பலகையிலோ கட்டிலிலோ கிடத்தி, 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எலும்பு கட்டும் நாட்டு வைத்தியரிடம் கொண்டு சென்று வாரக்கணக்கில் படுக்கையில் வைப்பதால் படுக்கைப் புண்ணும், நுரையீரல் அழற்சியும், காலில் இரத்த உறைவும் நேர்ந்து உயிருக்கே கேடாகலாம். அறுவை எவ்வளவு விரைவில் நிகழ்கிறதோ அவ்வளவு நலம்.

உணவும் பள்ளியும்

சுண்ணாம்புச் சத்துக்கு விலையுயர்ந்த உணவு தேவையில்லை. நூறு கிராம் அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. அதே அளவு கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம். கர்நாடகத்தின் ராகிக் களியும் உத்தராகண்டின் மண்டுவா ரொட்டியும் முன்னோர் அறிந்து கொண்ட உணவுகள். ஒடிசா அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய சிறுதானிய இயக்கம் கேழ்வரகை மீண்டும் வயலுக்கும் தட்டுக்கும் கொண்டுவந்துள்ளது. எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பால், தயிர், முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியவையும் சிறந்தவை. பசலை இனக் கீரைகளில் சத்து மிகுந்திருப்பினும், அவற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலம் அதைக் குடலில் சேரவிடாமல் தடுப்பதால் அவற்றை மட்டும் நம்பலாகாது. சுண்ணாம்போடு புரதமும் தேவை; பருப்பைக் குறைத்து உண்ணும் வீட்டுப் பெண்களுக்கு இதனை வற்புறுத்த வேண்டும்.

பள்ளியில் ஆசிரியர்கள் இரு காரியங்களைச் செய்யலாம். மதிய வெயிலில் சிறிது நேரம், பெண் குழந்தைகளும் ஆண் குழந்தைகளோடு ஓடியும் தாண்டியும் ஆட இடந்தருதல் ஒன்று. எலும்பு தாங்கும் சுமைக்கேற்பவே வலுப்பெறும். பூப்பெய்திய சிறுமியை விளையாட்டினின்று நிறுத்துவது, எலும்பு சேரும் அரிய பருவத்தை வீணாக்குவதாகும். மற்றொன்று, மாணவியர் தம் வீட்டுப் பாட்டியின் உயரத்தை அளந்து, விழக்கூடிய இடங்களைப் பட்டியலிட்டு வரும்படி பயிற்சி தருதல். உடற்கூற்றுப் பாடமும் கணக்கும் ஒருங்கே நடைபெறும். வழுக்கும் கல்லொன்றோ விளக்கில்லாத நடையொன்றோ அவ்வாரத்திலேயே சீர்ப்படவும் கூடும்.

ஒரு பெண்ணின் எலும்பு அவளுடைய பன்னிரண்டாம் வயது முதல் எண்பதாம் வயது வரை பலருடைய கவனிப்பைப் பொறுத்து நிற்கிறது. உணவிடும் வீடு, விளையாடவிடும் பள்ளி, தேவையற்ற அறுவையை மறுக்கும் மருத்துவர், முதல் முறிவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பணியாளர் ஆகிய அனைவருக்கும் இதில் பங்குண்டு. அடுத்த முறை மணிக்கட்டில் கட்டுடன் ஐம்பது வயதுப் பெண் ஒருவரைக் காணும் பணியாளர், கை கூடிவிட்டதா என்று கேட்பதோடு நில்லாமல், மேற்கண்ட ஏழு வினாக்களையும் கேட்பாராக.